பெலற் அடுப்பு வாங்கும் அங்கத்தவர் கவனத்திற்கு

1998 ஜனவரியில் பெய்த உறைமழை மொன்றியலை நாட்கணக்காக இருளிலும் குளிரிலும் வைத்தது. 2023 ஏப்ரலிலும் கியூபெக்கில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் நின்றது. அப்படியான நாளுக்கு உதவும் என எண்ணி, மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளைகளை எரிக்கும் பெலற் அடுப்பை வாங்குவோர் உண்டு.

ஆனால் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். உருளைகளைத் தள்ளும் திருகும் காற்றாடியும் மின்சாரத்திலேயே இயங்குகின்றன. மின்சாரம் நின்றால் அடுப்பும் நின்றுவிடும். ஆகவே மாற்று மின்கலம் பொருத்தலாமா என்று வாங்குமுன் கேளுங்கள். ஜெனரேற்றரை வீட்டுக்குள் ஒருபோதும் இயக்காதீர்கள்; அதன் நச்சுவாயு உயிரைக் குடிக்கும்.

மொன்றியல் மாநகரில் 2018 ஒக்ரோபர் 1 முதல், மணிக்கு 2.5 கிராமுக்கு மேல் நுண்துகள் வெளிவிடாது எனச் சான்று பெற்ற அடுப்பையே பயன்படுத்தலாம். அதை மாநகரசபையில் பதிவதும் அவசியம். புகைமூட்ட எச்சரிக்கை நாட்களில் அதையும் எரிக்கலாகாது. பிற நகரங்களில் வசிப்போர் தத்தம் நகரசபையில் விசாரிக்கவும்.

குத்துவிளக்கைத் துடைத்துத் திரியிடுவதுபோல இதற்கும் நித்திய பராமரிப்பு வேண்டும். அடுப்பு நன்கு ஆறியபின் எரிகிண்ணத்தின் சாம்பலையும் கட்டியையும் அகற்றுங்கள். சாம்பலில் தணல் சில நாட்கள் மறைந்திருக்கும். மூடியுள்ள உலோக வாளியில் இட்டு வெளியே, சுவருக்கு அப்பால் வையுங்கள். உருளைப் பைகளில் ஈரம் படவிடாதீர்கள். நனைந்தால் ஊதித் தூளாகித் திருகை அடைத்துவிடும். புகைபோக்கியை ஆண்டுதோறும் தகுந்தவரைக் கொண்டு துப்புரவாக்குங்கள். கார்பன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவியையும் படுக்கையறை அருகே மாட்டி வையுங்கள். குளிருக்கு வாங்கிய அடுப்பு குடும்பத்துக்குக் கேடாகக் கூடாது.