அந்தப் பாட்டு ஏன் முதலிடம் பிடித்தது?

உங்கள் வகுப்பில் நான்கு நண்பர்கள் ஒன்றுகூடினால் எதைப் பற்றிப் பேசுவீர்கள்? வரப்போகும் தேர்வைப் பற்றி என்று நீங்கள் சொன்னால் உங்கள் ஆசிரியர் மகிழ்ச்சி அடைவார். ஆனால் நான் நம்பமாட்டேன்! புதிதாக வெளிவந்த படத்தைப் பற்றி, அதில் எந்தப் பாட்டு சிறந்தது என்பதைப் பற்றி, யார் எழுதிய கதை விறுவிறுப்பானது என்பதைப் பற்றித்தான் பேச்சு நடக்கும். சற்று நேரத்தில் பேச்சு வாக்குவாதமாக மாறும். மணி அடித்த பிறகும் அது முடியாது.

இத்தகைய வாக்குவாதங்கள் ஒரு காலத்தில் தேநீர்க் கடை பெஞ்சிலும் படிப்பகத்துத் திண்ணையிலும் நடந்தன. இன்று அவை கைபேசிக்குள்ளும் குடிபுகுந்துவிட்டன. மதுரையில் இருக்கும் ஒரு மாணவி தனக்குப் பிடித்த பாட்டைப் பற்றி நான்கு வரி எழுதுகிறாள். கோலாலம்பூரில் இருக்கும் முன்பின் தெரியாத ஒருவர் அதை மறுத்து எட்டு வரி எழுதுகிறார். இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் திண்ணையில் இல்லாத ஒன்று இங்கே புதிதாக வந்திருக்கிறது. அதுதான் எண். ஒவ்வொரு பாட்டின் கீழும், அதை எத்தனை லட்சம் பேர் கேட்டார்கள், எத்தனை ஆயிரம் பேர் விரும்பினார்கள் என்ற கணக்கு நிற்கிறது. வாதத்தில் தோற்கும் நிலை வந்தால் ஒருவர் அந்த எண்ணை எடுத்து வீசுகிறார்: “ஐம்பது லட்சம் பேர் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் முட்டாள்களா?”

எதிரில் இருப்பவர் வாயடைத்துப் போகிறார். அப்படி வாயடைத்துப் போகத்தான் வேண்டுமா?

கேள்வியைச் சற்றுக் கூர்மையாக்குவோம். ஒரு பாட்டு நன்றாக இருப்பதால் முதலிடம் பிடிக்கிறதா? அல்லது முதலிடம் பிடித்துவிட்டதால் நன்றாக இருப்பதாக நமக்குத் தோன்றுகிறதா? இதற்கு விடை காண்பது எளிதன்று. காரணம், உலகம் ஒன்றுதான். அதில் அந்தப் பாட்டு ஒரே ஒரு முறைதான் வெளிவந்தது. பௌதிக ஆய்வுக்கூடத்தில் ஊசலின் அலைவு நேரத்தை ஒரு முறை அளந்து விடை எழுதினால் ஆசிரியர் ஒப்புக்கொள்வாரா? “திரும்பச் செய்” என்பார் அல்லவா? உலகத்தை எப்படித் திரும்பச் செய்வது?

செய்தார்கள். நியூயார்க் நகரிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாத்யூ சால்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஓர் இணையதளத்தை அமைத்தார்கள். யாருக்கும் அதிகம் அறிமுகமில்லாத இசைக் குழுக்களின் 48 பாடல்களை அதில் வைத்தார்கள். வந்தவர்கள் ஒரு பாட்டைக் கேட்கலாம். அதற்கு ஒன்று முதல் ஐந்து நட்சத்திரங்கள் வரை கொடுக்கலாம். விரும்பினால் பதிவிறக்கம் செய்துகொள்ளலாம். மொத்தம் 14,341 பேர் பங்கு கொண்டார்கள். பெரும்பாலோர் அமெரிக்காவில் வாழும், ஏறக்குறைய உங்கள் வயதை ஒத்த இளைஞர்கள். முடிவுகள் 2006ஆம் ஆண்டில் வெளியாயின.

சோதனையின் நுட்பம் இனிமேல்தான் இருக்கிறது. உள்ளே வருபவர்களை அவர்களுக்கே தெரியாமல் பல அறைகளாகப் பிரித்தார்கள். அறை என்றால் சுவர் உள்ள அறை அல்ல, கணினி பிரித்து வைத்த கூட்டம். ஓர் அறையில் இருந்தவர்களுக்குப் பாட்டின் பெயரும் குழுவின் பெயரும் மட்டுமே தெரியும். மற்ற எட்டு அறைகளில், தமக்கு முன் அதே அறைக்கு வந்தவர்கள் ஒவ்வொரு பாட்டையும் எத்தனை முறை பதிவிறக்கம் செய்தார்கள் என்ற எண்ணும் தெரியும். எல்லா அறைகளிலும் எண் பூஜ்யத்திலிருந்தே தொடங்கியது. ஆக, எட்டுத் தனித்தனி உலகங்கள்! அதே 48 பாடல்கள், அதே வகையான மனிதர்கள், ஒரே மாதிரியான தொடக்கம்.

தரம்தான் வெற்றியைத் தீர்மானிக்கிறது என்றால் எட்டு உலகங்களிலும் ஏறத்தாழ ஒரே பாட்டுகள் முன்னணிக்கு வந்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. ‘52 மெட்ரோ’ என்ற குழுவின் ‘லாக்டவுன்’ என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணைப் பார்க்காமல் தேர்ந்தெடுத்தவர்களின் கணக்கில் அது 26ஆம் இடத்தில் இருந்தது. நடுத்தரமான பாட்டு என்று சொல்லலாம். எண் தெரிந்த உலகம் ஒன்றில் அது முதலிடம் பிடித்தது. இன்னோர் உலகத்தில் அதே பாட்டு 40ஆம் இடத்தில் கிடந்தது! முதலிடம் பிடித்த உலகத்தில் வாழ்ந்த ஒரு மாணவனைக் கற்பனை செய்து பாருங்கள். “இத்தனை பேர் முட்டாள்களா?” என்று அவன் கேட்டிருப்பான் அல்லவா?

அவர்கள் சோதனையை இரு விதமாகச் செய்தார்கள். முதல் முறை பாட்டுகள் கலைந்த வரிசையில் இருந்தன. இரண்டாம் முறை, அதிகம் பதிவிறக்கம் ஆனது மேலே, குறைந்தது கீழே என்று அடுக்கினார்கள். இன்று நீங்கள் எங்கும் காணும் பட்டியலைப் போல. அப்போது வென்ற பாட்டுகளுக்கும் தோற்ற பாட்டுகளுக்கும் இடையிலான தூரம் மேலும் பெருகியது. எந்தப் பாட்டு வெல்லும் என்று முன்கூட்டிச் சொல்வதும் மேலும் கடினமாயிற்று.

ஆனால் அவசரப்பட்டு, “தரம் என்று ஒன்றும் இல்லை” என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மிக நல்ல பாட்டுகள் எந்த உலகத்திலும் அடிமட்டத்துக்குப் போனது அரிது. மிக மோசமானவை உச்சிக்கு ஏறியதும் அரிது. இடையில் இருந்த பாட்டுகளுக்குத்தான் எதுவும் நடக்கக்கூடும் என்ற நிலை. நாம் கேட்பவற்றில் மிகப் பெரும்பாலானவை இடையில் இருப்பவைதாமே!

ஏன் இப்படி நடக்கிறது? இதை உங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஹங்கேரியில் பிறந்த கணித அறிஞர் ஜியார்ஜ் போலியாவும் அவருடைய சகா எக்கென்பெர்கரும் 1923ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கணக்கு இது. ஒரே அளவுள்ள பாசிமணிகள் சிவப்பில் ஒரு நூறும் வெள்ளையில் ஒரு நூறும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு டப்பாவில் ஒரு சிவப்பு மணியும் ஒரு வெள்ளை மணியும் போடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுங்கள். எடுத்தது சிவப்பு என்றால், அதைத் திரும்பப் போடுவதோடு இன்னொரு சிவப்பையும் சேர்த்துப் போடுங்கள். வெள்ளை என்றால் இன்னொரு வெள்ளை. குலுக்குங்கள். மீண்டும் எடுங்கள். டப்பாவில் 100 மணிகள் சேரும் வரை இப்படியே செய்யுங்கள். அதாவது 98 முறை.

முடிவில் சிவப்பு எத்தனை இருக்கும்? “சுமார் 50” என்றுதான் யாரும் சொல்வார்கள். ஒரு நாணயத்தை 98 முறை சுண்டினால் தலை விழுவது பெரும்பாலும் 39க்கும் 59க்கும் இடையில் இருக்கும் என்பதால் அப்படித் தோன்றுகிறது. ஆனால் இங்கே 1 முதல் 99 வரை எந்த எண் வருவதற்கும் வாய்ப்பு சரிசமம்! உங்கள் டப்பாவில் 83 சிவப்பு இருக்கலாம். உங்கள் தங்கையின் டப்பாவில் 12 இருக்கலாம். ஐந்தாறு பேர் தனித்தனியாகச் செய்து ஒப்பிட்டுப் பார்த்தால்தான் இது மனத்தில் பதியும். நான் சொல்லி நம்புவதில் பயன் இல்லை.

ஒவ்வொரு பத்து முறைக்கும் சிவப்பின் விகிதத்தைக் குறித்து வரைபடம் போடுங்கள். தொடக்கத்தில் கோடு தாறுமாறாக ஏறி இறங்கும். பிறகு அடங்கிவிடும். முதல் மணி சிவப்பு என்றால் டப்பாவில் சிவப்பு இரண்டு, வெள்ளை ஒன்று. அடுத்ததும் சிவப்பாக வர மூன்றில் இரண்டு வாய்ப்பு. ஒரே ஒரு மணி நிலைமையை இவ்வளவு மாற்றிவிடுகிறது. 90 மணிகள் சேர்ந்த பிறகு வரும் ஒரு மணியால் என்ன செய்ய முடியும்? ஆகவே டப்பாவின் தலைவிதியை எழுதுவது முதல் சில கைகள்தாம். பாட்டுக்கும் அப்படியே. முதலில் வந்த பத்துப் பேர் யார், அவர்களுக்கு அன்று என்ன மனநிலை என்பதெல்லாம் பின்னால் வரும் பத்தாயிரம் பேரின் மீது ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. மணிகளில் ஒன்று மற்றொன்றைவிடச் சிறந்தது என்பது கிடையாது; பாட்டுகளில் உண்டு. அந்த வேறுபாட்டை மறக்காமல் இந்த உவமையைப் பயன்படுத்துங்கள்.

பௌதிகம் கற்பிக்கும் எனக்கு இதைப் பார்க்கும்போது இரும்பு நினைவுக்கு வருகிறது. 770 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கிய இரும்பில் ஒவ்வோர் அணுவாகிய சிறு காந்தமும் மனம் போன திசையில் ஆடிக்கொண்டிருக்கும். அந்த வெப்பநிலைக்குக் கீழே வந்தால் அண்டை அணுக்கள் ஒன்றையொன்று பார்த்து ஒரே பக்கம் திரும்பத் தொடங்கும். எந்தப் பக்கம்? ஒன்றுக்கொன்று சமமான பல திசைகளில் எதைத் தேர்வது என்பது இரும்பில் முன்கூட்டி எழுதப்பட்டிருக்கவில்லை. இரும்புத் துண்டு முழுவதும் ஒரே பக்கம் திரும்புவதும் இல்லை. ‘டொமைன்’ எனப்படும் சிறு சிறு பகுதிகளாகப் பிரிந்து, ஒவ்வொரு பகுதியும் உள்ளுக்குள் ஒற்றுமையாகவும், பக்கத்துப் பகுதிக்கு மாறாகவும் நிற்கும். ரசிகர் கூட்டங்களைப் பார்த்திருப்பீர்களே! மனிதன் இரும்பணு அல்லன் என்று நீங்கள் ஆட்சேபிக்கலாம். ஒப்புக்கொள்கிறேன். அணுவால், “ஏன் அந்தப் பக்கம் திரும்பினாய்?” என்று அண்டை அணுவைக் கேட்க முடியாது. நம்மால் முடியும்.

எண்ணின் ஆட்சி பாட்டோடு நிற்பதில்லை. பாட்டைப் பற்றி நாம் எழுதும் கருத்தையும் அது விட்டுவைப்பதில்லை. லெவ் முச்னிக், சினான் ஆரல், ஷான் டெய்லர் ஆகிய மூவர் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வைக் கேளுங்கள். செய்திகளைப் பகிர்ந்து விவாதிக்கும் ஓர் இணையதளத்தில் எழுதப்பட்ட 1,01,281 கருத்துகளை எடுத்துக்கொண்டார்கள். சிலவற்றுக்கு, எழுதப்பட்ட உடனேயே, ஒரே ஒரு பொய்யான ஆதரவு வாக்கைப் போட்டார்கள். எதற்குப் போடுவது என்பதைச் சீட்டுக் குலுக்குவது போல் தேர்ந்தெடுத்தார்கள். கருத்தின் தரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அந்த ஒரு வாக்கைக் கண்ட அடுத்த வாசகர் தாமும் ஆதரிக்கும் வாய்ப்பு 32 சதவீதம் கூடியது. முடிவில் அக்கருத்துகளின் மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் உயர்ந்து நின்றது. வேடிக்கை என்னவென்றால், பொய்யான எதிர்ப்பு வாக்கு இப்படிப் பெருகவில்லை. மற்றவர்கள் வந்து அதைச் சரிசெய்துவிட்டார்கள். அநியாயமாகத் திட்டினால் தட்டிக் கேட்கிறோம். அநியாயமாகப் புகழ்ந்தால் சும்மா இருந்துவிடுகிறோம்.

இதில் என் சொந்தக் கதை ஒன்றும் உண்டு. நான் முதுகலை படித்த நாட்களில் விடுதியில் எங்கள் அறையில் ஆறு பேர் கூடுவோம். ஒரு டேப்ரிக்கார்டர் இருந்தது. ஆர்மோனியப் பெட்டியின் துணையோடு உச்சக் குரலில் பாடும் பழைய நாடகப் பாட்டுகள் என்றால் எனக்கு உயிர். ஒரு நாள் ஒருவன் அவற்றை, “தாத்தா காலத்துக் கூச்சல்” என்று சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு இரண்டு ஆண்டுகள், யாரும் இல்லாத நேரம் பார்த்துத்தான் அந்த நாடாவைப் போடுவேன். பல ஆண்டுகள் கழித்து, அந்த அறையில் இருந்த ஒரு நண்பன் வீட்டுக்குப் போயிருந்தேன். அதே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது! “டேய், அன்றைக்கு நீயும்தானே சிரித்தாய்?” என்றேன். “நீ சிரித்தாய், அதனால் நானும் சிரித்தேன்” என்றான். விசாரித்ததில் ஆறு பேரில் மூன்று பேருக்கு அந்தப் பாட்டுகள் பிடித்திருந்தன என்று தெரிந்தது. இரண்டு ஆண்டுகள் விடிய விடியப் பேசியிருக்கலாம்.

இதையும் ஒருவர் அளந்திருக்கிறார். அமெரிக்க உளவியல் அறிஞர் சாலமன் ஆஷ் 1950களில் நடத்திய சோதனையில், ஓர் அட்டையில் ஒரு கோட்டைக் காட்டி, அதற்குச் சமமான கோடு மற்ற மூன்றில் எது என்று கேட்டார். சிறு குழந்தையும் சொல்லும் விடை. ஆனால் கூட இருந்தவர்கள் எல்லாரும், முன்பே சொல்லி வைத்தபடி, தவறான விடையைச் சொன்னார்கள். உண்மை அறியாத ஒரே ஒருவர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறை தம் கண்ணை விட்டுவிட்டுக் கூட்டத்தோடு போனார். பிறகு ஆஷ் ஒரு மாற்றம் செய்தார்: கூட்டத்தில் ஒருவரை மட்டும் சரியான விடையைச் சொல்ல வைத்தார். தவறுகள் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டன. எங்கள் அறையில் நான் சிரிக்காமல் இருந்திருந்தால்?

சரி, உங்கள் வகுப்புக்கு ஒரு வேலை. ஆசிரியரின் அனுமதியோடு செய்யுங்கள். வகுப்பில் யாரும் கேட்டிராத எட்டுப் பாட்டுகளைத் தேர்ந்தெடுங்கள். பாட்டு வசதியில்லை என்றால் நூலகத்திலிருந்து எட்டுச் சிறுகதைகளின் முதல் பக்கம் போதும். வகுப்பைச் சீட்டுப் போட்டு நான்கு குழுக்களாகப் பிரியுங்கள். இரண்டு குழுக்கள் தமக்குப் பிடித்ததைத் துண்டுக் காகிதத்தில் ரகசியமாக எழுதட்டும், ஏன் பிடித்தது என்ற ஒரு வரிக் காரணத்தோடு. மற்ற இரண்டு குழுக்களில் ஒவ்வொருவராக எழுந்து வந்து கரும்பலகையில் எல்லாருக்கும் தெரியக் கோடு போடட்டும். ஒரு குழுவின் பலகையை இன்னொரு குழு பார்க்கக் கூடாது.

காகிதக் குழு எதற்கு இரண்டு என்று கேட்கிறீர்களா? கரும்பலகைக் குழுக்கள் இரண்டும் மாறுபட்டால், அது வெறும் தற்செயலா அல்லது ஒருவரைப் பார்த்து ஒருவர் கோடு போட்டதன் விளைவா என்று எப்படித் தெரியும்? காகிதக் குழுக்கள் தமக்குள் எவ்வளவு மாறுபடுகின்றன என்பதோடு ஒப்பிட்டால்தான் தெரியும். பத்துப் பேர் உள்ள குழுவில் தற்செயல் பெரிதாக விளையாடும். முடிந்தால் பக்கத்து வகுப்புகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கை முடிந்ததும் காகிதங்களில் உள்ள காரணங்களை உரக்கப் படித்து, விரும்பிய மட்டும் சண்டை போடுங்கள். முடிவுகளை நமது இதழுக்கு எழுதி அனுப்புங்கள். கரும்பலகையில் முதல் ஐந்து பேர் எதற்குக் கோடு போட்டார்கள் என்ற வரிசையைக் குறிக்க மறக்க வேண்டாம்.