குவார்க் நட்சத்திரத்தைத் தேடி

உள்ளங்கையில் ஒரு கடுகை வைத்துப் பாருங்கள். அணுக்கருவில் எத்துணை நெருக்கமாகப் பொருள் செறிந்து கிடக்கிறதோ, அத்துணை நெருக்கமாக அக்கடுகையும் நிரப்பக் கூடுமாயின், அதன் எடை ஏறத்தாழ 10 லட்சம் டன் ஆகும். வெடித்தழிந்த பெரு நட்சத்திரங்களின் எச்சமாகிய நியூட்ரான் நட்சத்திரங்களில், சூரியனுக்கு மேற்பட்ட பொருள், ஏறக்குறைய 25 கிலோமீட்டர் குறுக்களவுள்ள கோளத்தில் இவ்வாறுதான் அடங்கியிருக்கிறது.

இதற்கும் அப்பால் ஒரு நிலை உண்டோ? நியூட்ரான் மூன்று குவார்க்குகளால் ஆனது. அழுத்தம் மிகமிக, நியூட்ரான்கள் தம் எல்லை அழிந்து, உள்ளிருந்த குவார்க்குகளெல்லாம் ஒரே வெள்ளமாகக் கலந்து, ‘அப்’, ‘டவுன்’ என்னும் சாதாரண வகைகளோடு ‘ஸ்ட்ரேஞ்ச்’ என்னும் மூன்றாம் வகையும் தோன்றக்கூடும். அப்பொருள் இரும்பின் அணுக்கருவைக் காட்டிலும் ஸ்திரமானதாக இருக்கலாம் என்று 1984-இல் இயற்பியலாளர் எட்வர்ட் விட்டன் எழுதினார். எத்தனை துணிச்சலான எண்ணம்! அது மெய்யானால், நியூட்ரான் நட்சத்திரம் ஈர்ப்பு விசையால் கட்டுண்டு நிற்க, குவார்க் நட்சத்திரமோ நீர்த்துளியைப் போலத் தன் பொருளின் பிணைப்பாலேயே திரண்டு நிற்கும். ஆகவே அது நியூட்ரான் நட்சத்திரத்தினும் சிறுத்திருத்தல் சாத்தியம்.

தென் மகுடம் என்னும் விண்மீன் மண்டலத்தில், சுமார் 400 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் ஒரு நட்சத்திரம், 2002-இல் அத்தகையதென்றே தோன்றிற்று. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற வானியற்பியலாளர் சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய ‘சந்திரா’ எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி, அதன் வெப்பத்தைச் சுமார் 7 லட்சம் டிகிரி என அளந்தது. அவ்வெப்பத்தையும் ஒளியையும் தூரத்தையும் கூட்டிக் கணித்தால், குறுக்களவு 11 கிலோமீட்டர் அளவே வந்தது. நியூட்ரான்களால் ஆன உடல் அவ்வளவு குறுகுதல் அரிது.

ஆனால் அதே நட்சத்திரத்தின் கண்ணுக்குப் புலனாகும் ஒளி, அக்கணக்குக்கு ஒவ்வாமல் பன்மடங்கு மிகுந்திருந்தது. எக்ஸ்-கதிரை வீசியது மேனியில் சூடேறிய ஒரு பகுதியே என்றும், எஞ்சிய பரப்பு சற்றுக் குளிர்ந்து சாதாரண ஒளியையே மிகுதியாகத் தருகிறது என்றும் கொண்டால், நட்சத்திரம் முழு அளவுக்கு விரிந்து, பழைய நியூட்ரான் குடும்பத்திலேயே அமைந்துவிடுகிறது. இம்முடிவு சிலருக்கு ஏமாற்றமாகப் பட்டிருக்கலாம். எனக்கோ, ஒரே நட்சத்திரத்தை இருவேறு ஒளியில் வைத்து விசாரித்த அந்தப் பொறுமையே பெரிதாகத் தோன்றுகிறது.

தேடல் நிற்கவில்லை. 2022-இல், சூரியனில் முக்காற்பங்கு எடையும் சுமார் 10 கிலோமீட்டர் ஆரமும் உடைய வேறொரு நட்சத்திர எச்சம் பற்றிய செய்தி வந்தது. அவ்வளவு இலேசான நியூட்ரான் நட்சத்திரம் எவ்வாறு பிறந்திருக்கும் என்பது விளங்காமையால், குவார்க் நட்சத்திரத்தின் பெயர் மீண்டும் அடிபடுகிறது. அங்கும் கணக்கு தூரத்தையே பற்றி நிற்கிறது. அத்தூரமோ, அதனருகே தோன்றும் மற்றொரு நட்சத்திரத்தின் தூரத்தைக் கொண்டு நிர்ணயிக்கப்பட்டது.