நான்காவது நகர்த்தலுக்கே அரை மணி நேரம்

2024 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை மாலை 5 மணி. சிங்கப்பூரின் செந்தோசா தீவில் உலகச் சதுரங்க வெற்றியாளர் போட்டியின் 11ஆவது ஆட்டத்துக்குச் சென்னைப் பிள்ளை குகேஷும் சீனாவின் டிங் லிரனும் எதிரெதிரே அமர்ந்தார்கள். இருவருக்கும் தலா 5 புள்ளிகள். அதற்கு முந்தைய ஏழு ஆட்டங்களும் சமநிலை.

வெள்ளைக் காய்கள் குகேஷுக்கு. குதிரையை எஃப்3 கட்டத்தில் வைத்தார். அடுத்துச் சிப்பாயை சி4க்குத் தள்ளினார். டிங் தன் சிப்பாயை டி4 வரை முன்னேற்றியதும், குகேஷ் பக்கவாட்டிலிருந்து பி4க்கு இன்னொரு சிப்பாயை நகர்த்தினார். இது ரேட்டி திறப்பு. பலகையின் நடுவை உடனே பிடிக்காமல், எதிரியை அங்கே வரவிட்டு ஓரத்திலிருந்து தாக்குவது இதன் உத்தி. எட்டு ஆண்டுகள் தோல்வியே காணாத கபபிளாங்காவை, ரிச்சர்ட் ரேட்டி 1924இல் நியூயார்க்கில் இந்தத் திறப்பில்தான் வீழ்த்தினார்.

நான்காவது நகர்த்தலுக்கு டிங் அரை மணி நேரத்துக்கும் மேல் யோசித்தார்.

அந்த நேரம் எவ்வளவு அருமையானது என்பதை விதிகள் சொல்லும். முதல் 40 நகர்த்தல்களுக்கு ஆளுக்கு 120 நிமிடம் மட்டுமே. அதுவரை ஒரு விநாடிகூடக் கூடுதலாகக் கிடைக்காது. எதிரி எதிர்பாராத பாதையைத் திறப்பிலேயே காட்டினால், காய் எதையும் வெட்டாமலே அவருடைய நேரத்தை வெட்டலாம். உதவியாளர்களோடு மாதக்கணக்கில் திறப்புகளை ஆராய்வது இதற்காகவும்தான்.

ஆனால் தயாரிப்புக்கும் எல்லை உண்டு. 11ஆவது நகர்த்தலுக்குக் குகேஷே சுமார் ஒரு மணி நேரம் செலவிட்டார். நேரத்தில் அவருக்கிருந்த முன்னிலை கரைந்தது. அதன்பின் இருவரும் சொந்த அறிவை நம்பியே, நேர நெருக்கடியில் ஆட வேண்டியிருந்தது.

28ஆவது நகர்த்தலில், சில நிமிடங்களே மிஞ்சியிருந்த டிங் ராணியை சி8க்கு நகர்த்தினார். குகேஷ் தன் ராணியால் சி6இல் இருந்த குதிரையை வெட்டினார். பதிலுக்கு டிங்கின் ராணி அதை வெட்டினால், ஜி2இல் காத்திருந்த மந்திரி திருப்பி வெட்டிவிடும். ஒரு காய் போனது போனதுதான். டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

மறுநாளே டிங் வென்று சமன் செய்தார். டிசம்பர் 12 அன்று கடைசி ஆட்டத்தில் கறுப்புக் காய்களோடு வென்ற குகேஷ், 7.5–6.5 என்ற கணக்கில் 18 வயதில் உலக வெற்றியாளரானார். மிக இளைய உலக வெற்றியாளர் என 1985இல் 22 வயதில் காஸ்பரோவ் படைத்த சாதனை முறிந்தது.

சதுரங்கம் பழகும் பிள்ளைகள் வீட்டிலிருந்தால், 11ஆவது ஆட்டத்தில் டிங்கின் நான்காவது நகர்த்தலுக்கு முந்தைய நிலையைப் பலகையில் வைத்து, அவர் பக்கம் அமர்ந்து யோசிக்கச் சொல்லலாம்.