பாலக்கரை விழித்திருந்த ராத்திரிகள்

ராத்திரி பத்து மணிக்கு இன்று திருச்சி பாலக்கரையில் நின்றால் பஸ் ஹாரனும் பரோட்டாக் கல்லில் கொத்தும் சத்தமும்தான் காதில் விழும். நூறு வருஷத்துக்கு முன்னால் ஊருக்குப் பொழுதுபோக்கு என்றால் நாடகம்தான். சாப்பாட்டை முடித்து, தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்த் தரை டிக்கெட்டில் உட்கார்ந்தால், வீடு திரும்பும்போது கிழக்கு வெளுத்திருக்கும்.

அப்படி விழித்திருந்த ஊர்தான் தமிழ் சினிமாவுக்கு இரண்டு பெரிய நடிகர்களைக் கொடுத்தது.

பத்து வயது லோகிதாசன்

தென்னிந்திய ரயில்வேயின் தலைமையிடமாக இருந்தது திருச்சி. நாடக கம்பெனிகள் சாமான்களோடு வந்து இறங்க ரயில் இருந்தது. டிக்கெட் வாங்க, மாதச் சம்பளக்காரர்களும் இருந்தார்கள். ரயில்வே அதிகாரியான எஃப்.ஜி.நடேச ஐயரே நாடகப் பிரியர். 1914-ல் அவர் தொடங்கியதுதான் ரசிக ரஞ்சன சபா.

நகைத் தொழில் செய்யும் குடும்பத்துப் பையன் ஒருவனின் குரல் அவரை இழுத்தது. ‘அரிச்சந்திரா’வில் லோகிதாசனாக மேடையேற்றினார். பையனுக்கு அப்போது சுமார் பத்து வயது. அவர்தான் எம்.கே.தியாகராஜ பாகவதர்.

மைக் இல்லாத காலம். கடைசி வரிசைவரை குரல் எட்டவேண்டும். பிடித்தால் ‘ஒன்ஸ்மோர்’, பிடிக்காவிட்டால் விசில். அந்தக் கூட்டத்தின் முன்னால்தான் அவர் தேறினார். ‘பவளக்கொடி’ நாடகம் 1934-ல் படமானது. 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. ஆனால், முதல் தீபாவளி முடிந்த சில வாரங்களிலேயே லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் கைதானார். 1947-ல் விடுதலையாகி வந்தபோது சினிமா வேறு பக்கம் போயிருந்தது.

‘எனக்கு யாரும் இல்லை’

சங்கிலியாண்டபுரம் பாலக்கரையை ஒட்டிய பகுதி. அங்கே வளர்ந்த கணேசன் என்ற சிறுவன் ஒரு ராத்திரி கட்டபொம்மன் கூத்து பார்க்கப் போனான். வெள்ளைக்காரச் சிப்பாயாக நிற்க ஆள் தேவைப்பட, அவனையும் சேர்த்துக்கொண்டார்கள். நடிகனாகியே தீருவது என்று அன்றே முடிவு செய்தான். பிறகு யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில், தனக்குத் தாய் தகப்பன் இல்லை என்று பொய் சொல்லிச் சேர்ந்தான். இதையெல்லாம் சிவாஜி கணேசனே தன் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார்.

வீட்டை விட்டுப் போன அந்தச் சிறுவன், 1959 மே மாதம் ‘வீரபாண்டிய கட்டபொம்ம’னாகத் திரைக்கு வந்தார். அதே வருஷம் நவம்பர் 1-ம் தேதி பாகவதர் காலமானார். அவர் அடக்கமான இடமும் சங்கிலியாண்டபுரம்தான்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம்

நாடகம் நடந்த ராத்திரிகள் பாலக்கரையில் இன்று இல்லை. ஆனால், காவிரிப் பாலத்தைத் தாண்டினால் ஸ்ரீரங்கம் இன்னும் விழித்திருக்கிறது. மார்கழியில் வைகுண்ட ஏகாதசியை ஒட்டி வரும் ராப்பத்து நாட்களில், ஆயிரங்கால் மண்டபத்தில் அரையர்கள் கூம்புக் குல்லாய் அணிந்து, கையில் தாளத்தோடு பாசுரங்களைப் பாடி அபிநயிக்கிறார்கள். பரம்பரை பரம்பரையாகத் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த கலை இது.

பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் ஒன்று நின்றது, இன்னொன்று போனது. ஏன்? அரையர் சேவைக்குக் கோயிலும் நாள் குறித்த திருவிழாவும் துணையிருந்தன. கம்பெனி நாடகத்துக்கு டிக்கெட் காசு மட்டுமே ஆதாரம். சினிமா வந்ததும் அந்தக் காசு தியேட்டருக்குப் போய்விட்டது. அந்தச் சினிமாவில் கதாநாயகர்களாக நின்றவர்களே இதே மேடையிலிருந்து போனவர்கள்தான்!

திருவிழாவோடு ஒட்டிக்கொண்ட நாடகம் மட்டும் பிழைத்திருக்கிறது. புதுக்கோட்டை, மதுரைப் பக்கத்து கிராமங்களில் கோயில் திருவிழா என்றால் இன்றும் ராத்திரி பத்து மணிக்கு சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ தொடங்கும். ஆர்மோனியமும் மிருதங்கமும் சூடுபிடிக்க, நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்து முடிக்க விடியற்காலை ஆகிவிடும்.

சிலைக்கு வந்த காத்திருப்பு

பாலக்கரை ரவுண்டானாவில் சிவாஜிக்கு எழுப்பிய சிலை, திறக்கப்படாமல் பத்து வருஷத்துக்கும் மேல் மூடியே நின்றது. கடைசியில் 2025 மே மாதம், இடம் மாற்றி, புத்தூர் பகுதியில் திறந்துவைத்தார்கள். பாகவதருக்கு திருச்சியில் அரசு மணிமண்டபம் எழுந்திருக்கிறது.

சிலைகள் வேண்டியதுதான். ஆனால், கணேசனை நடிகனாக்கியது சிலை அல்ல, தெருவில் நடந்த ஒரு கூத்து. அடுத்த முறை ஊர்த் திருவிழா நோட்டீஸில் ‘இரவு 10 மணிக்கு நாடகம்’ என்று பார்த்தால் வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் உட்காருங்கள். பாதியில் தூங்கிப்போனாலும் பரவாயில்லை!