புதிய வாகனம்: தவணையைப் பேசாதீர்கள், விலையைப் பேசுங்கள்

கெய்சர் வீதியில் ஒரு யார் துணிக்குப் பத்து ரூபா குறைப்பதற்காக அரைமணி நேரம் பேரம் பேசுகிறவர்கள் நாம். அப்படிப்பட்ட நாமே ஏ.சி. போட்ட வாகன ஷோரூமுக்குள் போனால் வாய் அடைத்துப் போகிறோம். டை கட்டிய தம்பி நீட்டும் விலைத்தாளுக்குத் தலையாட்டிவிட்டு, "மாதம் எவ்வளவு கட்ட வேண்டும்?" என்று மட்டும் கேட்கிறோம். நட்டம் ஆரம்பிப்பது அந்தக் கேள்வியில்தான்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரி 1ஆம் திகதி முதல் தனியார் வாகனங்களுக்கும் மீண்டும் திறந்துவிடப்பட்டது. ஐந்து வருடங்களாகப் பழைய வேனை ஓட்டித் தள்ளிய வியாபாரிகள் பலர் அதன் பிறகு ஷோரூம் பக்கம் போகத் தொடங்கினார்கள். அவசரத்தோடு போகிறவனுக்குப் பேரம் வாய்க்காது என்பதை வியாபாரிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

முதலில் எதைக் குறைக்க முடியும், எதைக் குறைக்க முடியாது என்பதை அறிந்து கொள்ளுங்கள். நம் நாட்டில் வாகன விலையின் பெரும்பங்கு வரிதான். சுங்கத் தீர்வை, உற்பத்தி வரி, 18 சதவீத வற் வரி என ஒன்றின்மேல் ஒன்றாக ஏறுகின்றன. உற்பத்தி வரி பெற்றோல் வாகனமாயின் இஞ்சின் கொள்ளளவையும், மின்சார வாகனமாயின் மோட்டாரின் வலுவையும் வைத்துக் கணிக்கப்படுகிறது. விலை கூடிய வாகனங்களுக்குச் சொகுசு வரியும் உண்டு. இவற்றில் ஒரு சதத்தையும் விற்பவரால் குறைக்க இயலாது. ஆகவே "கால்வாசி குறையுங்கள்" என்று கேட்பவரை அவர் விஷயம் தெரியாதவர் என்றே எண்ணுவார்.

அவரால் விட்டுக்கொடுக்கக் கூடியவை வேறு. அவருடைய இலாபம் ஒன்று. பதிவுச் செலவு, ஆவணக் கட்டணம் என்று மேலதிகமாகச் சேர்க்கும் தொகைகள் இன்னொன்று. சீட் கவர், கெமரா, கண்ணாடி டின்ட் போன்றவை மூன்றாவது. இலவச சேர்விஸ் எத்தனை என்பது நான்காவது. காப்புறுதியையும் லீசிங்கையும் அவரே ஒழுங்கு செய்தால், அவற்றில் அவருக்குத் தரகு கிடைக்கக்கூடும் என்பதையும் மறக்க வேண்டாம். அவற்றுக்கு வெளியிலும் விலை கேட்டுப் பாருங்கள்.

இனி தவணைக் கணக்குக்கு வருவோம். ஒருவர் 40 இலட்சம் ரூபாவை லீசிங்கில் எடுக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். 48 மாதங்களுக்கு மாதம் 1,10,000 ரூபா என்கிறார்கள். "கூடுதலாக இருக்கிறதே" என்கிறார் இவர். உடனே 95,000 ஆக்கித் தருகிறார்கள். பேரத்தில் வென்றதாக இவருக்குச் சந்தோஷம். ஆனால் தவணை இப்போது 60 மாதங்கள். முன்னையதில் மொத்தம் 52,80,000 ரூபா. பின்னையதில் 57,00,000 ரூபா. மாதம் 15,000 குறைத்து மொத்தத்தில் 4,20,000 ரூபாவைக் கூட்டியிருக்கிறார். வாகனத்தின் விலையோ ஒரு ரூபாவும் குறையவில்லை.

வட்டியைத் தவிர்த்து இஜாரா, முராபஹா முறையில் எடுப்போருக்கும் இது பொருந்தும். முராபஹாவில் கொள்முதல் விலையையும் அதன்மேல் வைக்கும் இலாபத்தையும் வெளிப்படையாகச் சொல்வது நிபந்தனை. கொள்முதல் விலை கூடினால் அதன்மேல் வரும் இலாபமும் கூடும். எனவே எந்த முறையில் பணம் கட்டுவதாயினும், ரொக்கத்துக்கு வாங்கினால் என்ன விலை என்பதை முதலில் முடித்துக் கொள்ளுங்கள். பணம் கட்டும் வழியைப் பிறகு பேசுங்கள்.

பழைய வாகனத்தைக் கொடுத்து மாற்றுவதும் தனிக் கணக்கு. புதியதில் ஒரு இலட்சம் விட்டுத் தருகிறவர் பழையதில் இரண்டு இலட்சத்தை எடுத்துவிடலாம். பழையதற்கு வெளியில் இரண்டு மூன்று இடங்களில் விலை கேட்டுவிட்டே போங்கள்.

துணிக்கடை வைத்திருக்கும் என் உறவினர் ஒருவருக்காக நானும் அண்மையில் இந்த வேலைக்குப் போனேன். ஒரே வாகனத்துக்கு மூன்று இடங்களில் எழுத்து மூல விலை வாங்கினோம். தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. விலை மிகக் குறைவாகத் தெரிந்த இடத்தில் பதிவுச் செலவும் ஆவணக் கட்டணமும் அடியில் தனியாக இருந்தன. எல்லாவற்றையும் கூட்டினால் அதுவே கூடிய விலை. ஆகவே "நம்பர் போட்டு வீதியில் இறங்கும் வரை மொத்தம் எவ்வளவு?" என்று கேளுங்கள். இன்னொரு இடத்தின் விலையைச் சொல்வதாயின் உள்ளதையே சொல்லுங்கள். தாளைக் காட்டிப் பேசுகிறவருக்குப் பொய் தேவைப்படாது.

நேரமும் முக்கியம். ஷோரூமில் நிற்கும் வாகனம் விற்பவரின் முடங்கிய பணம். மாத முடிவில் விற்பனை இலக்கை எட்ட வேண்டிய சேல்ஸ்மேன் கொஞ்சம் இளகுவார். போன வருட உற்பத்தியாக ஒன்று நின்றால் அதைக் குறைத்துக் கேட்கலாம். ஆனால் மறுபடி விற்கும்போதும் உற்பத்தி வருடத்தையே பார்ப்பார்கள் என்பதை நினைவில் வைத்துக் குறையுங்கள். ஏஜென்டிடம் வாங்குவதற்கும் தனியார் இறக்குமதியாளரிடம் வாங்குவதற்கும் விலையில் வித்தியாசம் இருந்தால், உத்தரவாதம் யார் தருகிறார் என்று கேளுங்கள். பஞ்சிகாவத்தைக்கு ஒரு நடை போய் உதிரிப்பாக விலையையும் விசாரியுங்கள்.

முற்பணம் கொடுக்கும்போது பற்றுச்சீட்டில் செசி இலக்கம், முடிவான விலை, ஒப்படைக்கும் திகதி, ரத்தானால் பணம் திரும்புமா என்பவை எழுதப்பட வேண்டும். டொலர் ஏறினால், வரி மாறினால் அந்தச் சுமை யாருக்கு என்பதையும் எழுதிக் கேளுங்கள். வாய்ப்பேச்சை நம்பிக் காசோலை எழுத வேண்டாம்.

வாகனம் வாங்குவதைத் தடுப்பது என் நோக்கமல்ல. சரக்கு ஏற்ற, சேகரிப்புக்குப் போக அது வேண்டும். ஆனால் முற்பணத்துக்காக நோன்புப் பெருநாள் சரக்குக்கு வைத்த பணத்தை எடுத்தால், சீசனில் கடை வெறுமையாக இருக்கும். வாசலில் மட்டும் புதிய வேன் நிற்கும். என் உறவினரிடமும் அதைச் சொன்னேன். அவர் பெருநாள் முடியும் வரை பொறுத்தார். மொத்த விலையைப் பேசி முடித்தார். கடைச் சரக்கில் கை வைக்காமலே வேனை எடுத்தார்.