மிளகாய் சாக்லேட்: ரகசியம் ஓட்டில் இருக்கு

2000-ல் வந்த ‘ஷொக்கொலா’ படத்தில், ஜூலியட் பினோஷ் ஹாட் சாக்லேட்டில் மிளகாய் சேர்ப்பாங்க. அதே காரத்தை ஃபில்லிங்கா வச்சு வீட்டிலேயே சாக்லேட் செய்யலாம். ஆனா கஷ்டமான வேலை காரம் இல்லை, வெளி ஓடு.

கோகோ பட்டர் ஆறு வகைப் படிகங்களாக உறையும். ஐந்தாவது வகைதான் பளபளப்பா, ‘டக்’னு உடையும். அதை வரவைக்கிற வேலைதான் டெம்பரிங். 300 கிராம் டார்க் சாக்லேட்டை 45 டிகிரிக்கு உருக்குங்க. உருக்காத 100 கிராமைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கிளறி, 32 டிகிரிக்கு இறக்குங்க. அச்சில் ஊற்றிக் கவிழ்த்தால் மிச்சம் வடியும், மெல்லிய ஓடு நிற்கும்.

ஃபில்லிங்குக்கு, 80 மில்லி கிரீமைச் சூடாக்கி, ஒரு காய்ந்த மிளகாயை 10 நிமிடம் ஊறவிட்டு வடிகட்டுங்க. திரும்பச் சூடாக்கி, நறுக்கிய 100 கிராம் சாக்லேட்டில் ஊற்றிக் கலக்குங்க. 28 டிகிரிக்குக் கீழே ஆறின பிறகே ஓட்டில் நிரப்பணும். சூடா ஊத்தினா ஓடு உருகிடும். கடைசியா, டெம்பர் பண்ண சாக்லேட்டால் மூடுங்க.

மே மாதம்னா ஏசி ரூமில் செய்யுங்க. அறையே 32 டிகிரின்னா ஓடு இறுகாது.

இதில் கிரீம் இருக்கு. அதனால ஃப்ரிட்ஜில் வச்சு ஒரு வாரத்துக்குள் சாப்பிடுங்க. யாருக்காவது கொடுத்தா, செய்த தேதியை டப்பா மேல எழுதிடுங்க.