கோத்தர் ஆட்டத்தை நேரில் பார்க்க

நீலகிரிக் கோத்தர்கள் தங்கள் தெய்வங்களான அய்யனோர், அம்மனோருக்கு ஆண்டுதோறும் விழா எடுக்கிறார்கள். அந்த விழாவில் தீயைச் சுற்றி அவர்கள் ஆடும் ஆட்டம், இந்த மலையில் நேரில் காணக் கிடைக்கும் கலைகளில் முதல் வரிசையில் வைக்கத் தக்கது. டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ, உறைபனி கொட்டும் நாட்களில் விழா வரும். பத்து நாளைத் தாண்டி நடக்கும்.

கோத்தர் ஊருக்குக் கொக்கால் என்று பெயர். திருச்சிக்கடி, கொல்லிமலை, சோலூர் கொக்கால், குந்தா கோத்தகிரி, புது கோத்தகிரி, கீழ் கோத்தகிரி, கூடலூர் கொக்கால் என மொத்தம் ஏழு ஊர்கள். ஒரு கரும்பசு முன்னால் நடந்து வழிகாட்ட, அது நின்ற இடங்களில் முன்னோர் ஊர் அமைத்தார்கள் என்பது அவர்களின் வழிவழிக் கதை. இரும்பு வேலை, மரவேலை, மண்பாண்டம் ஆகியவற்றோடு இசையும் இவர்களின் குலத்தொழிலாக இருந்தது. மலையின் பிற குடிகளான தோதவர், படகர் வீட்டுச் சடங்குகளுக்கும் கோத்தர்களே வாசித்தார்கள். 1930களில் படகரில் ஒரு பகுதியினர் கோத்தர் இசை வேண்டாம் என்று விலக்கத் தொடங்கினர். மலையின் பழைய உறவுகளில் அது பெரிய முறிவு.

இந்த ஆட்டத்தைக் கண்ணைவிடக் காதால் பின்தொடர்வது நல்லது. ஆட்டத்தை நடத்திச் செல்வது ‘கொள்’ என்ற ஊதுகருவி. நாகசுரத்தின் இனம், உருவில் சிறியது. வாசிப்பவர் கன்னத்தில் காற்றைத் தேக்கிக்கொண்டே மூக்கால் மூச்சிழுப்பதால் இசை அறாமல் ஓடும். இருமுகப் பறைகளும் ‘தபட்க்’ என்ற தட்டைப் பறையும் உடன் ஒலிக்கும். வளைந்த பித்தளைக் கொம்பு இடையிடையே முழங்கும். மலைக்குளிரில் பறைத்தோல் தொய்ந்துவிடுமாதலால் தீயில் காட்டி இறுக்குவார்கள். நடுவில் எரியும் தீ வெளிச்சத்துக்கும் கதகதப்புக்கும் மட்டும் மூட்டியதல்ல, வாத்தியத்துக்கும் அது வேண்டும்.

பழக்கமில்லாத காதுக்குக் கொள்ளும் பறையும் தனித்தனியே போவதுபோல் முதலில் தோன்றும். கொள்ளின் மெட்டு ஒவ்வொரு அடிக்கும் ஒட்டி நடப்பதில்லை. சில இடங்களில் மட்டும் தாளத்தோடு வந்து பூட்டிக்கொள்ளும். இடைப்பட்ட தூரத்தில் சற்றே முந்தும், பிந்தும். கொல்லிமலையில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க இசையறிஞர் ரிச்சர்ட் உல்ஃப், கோத்தர் இசையைப் பற்றி 2005இல் வெளியிட்ட நூலில் இந்தப் பூட்டுமுறையை விரிவாக விளக்குகிறார். அந்த இடங்களைக் காது பிடித்துவிட்டால், ஆடுவோர் ஏன் அங்கே அடிமாற்றுகிறார்கள், ஏன் திரும்புகிறார்கள் என்பதும் புரியத் தொடங்கும்.

ஆடுவோர் வாத்தியக்காரர்களைச் சுற்றி வட்டமாக வருகிறார்கள். அடிவைப்பு நிதானமானது, உடல் தாழ்ந்து எழுந்து, கை வீசி, மெல்லத் திரும்பும். ஆண்கள் வெள்ளை அங்கியும் தலைப்பாகையும் அணிந்து முதலில் ஆடுவார்கள். பெண்கள் பின்னர் தனியே ஆடுவார்கள். அவர்களின் ஆட்டம் இன்னும் அடக்கமானது. சிறுவனும் முதியவரும் ஒரே வட்டத்தில் நிற்பதால், தேர்ந்தவர் தேராதவர் என்ற பிரிவு இங்கே இல்லை. பிள்ளைகள் ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளும் இடமும் அந்த வட்டம்தான்.

மெட்டுகளுக்கும் இடம் பொருள் உண்டு. தெய்வத்துக்கு உரியவை, ஆட்டத்துக்கு உரியவை, சாவுக்கு உரியவை என்று அவை பிரிந்து கிடக்கின்றன. சாவு மெட்டைத் தெய்வ விழாவில் எடுக்க மாட்டார்கள்.

சீனச் செவ்வியல் நடனத்தோடு ஒப்பிட்டால் இந்த ஆட்டத்தின் தன்மை துலங்கும். 1954இல் நிறுவப்பட்ட பெய்ஜிங் நடனப் பள்ளியில், பழைய சீன இசைநாடகத்தின் அசைவுகளையும் தற்காப்புக் கலையின் பாய்ச்சல்களையும் தொகுத்து ஒரு பாடமுறை உருவாக்கினார்கள். அது அரங்குக்கென்றே அமைந்தது. எதிரே அமர்ந்திருப்பவர் பார்க்க ஆடுவது. கோத்தர் ஆட்டத்திலோ ஆடுவோர் தீயையும் இசையையும் சுற்றி நிற்கிறார்கள். பார்வையாளருக்கென்று ஒரு திசை இல்லை. அதனால்தான் சுற்றுலாப் பயணிகளுக்கான கோடை விழா மேடையில் சில நிமிடங்களுக்குச் சுருக்கிக் காட்டும்போது அடிவைப்பு மட்டும் மிஞ்சுகிறது, வட்டம் தன் நடுவை இழந்துவிடுகிறது.

மலையின் மற்ற ஆட்டங்களும் வட்டமாகவே நடக்கின்றன. உதகை தலைக்குந்தா அருகே முத்தநாடு மந்தில் தோதவர் ஆண்கள் வாத்தியமே இல்லாமல், கைகோத்துத் தங்கள் குரலையே தாளமாக்கி ஆடுவார்கள். படகர்கள் தங்கள் தெய்வமான ஹெத்தையம்மன் விழாவில் வெண்ணிற ஆடையில் ஆடுகிறார்கள்.

கோத்தர் விழாவைப் பார்க்கப் போகிறவர் முதலில் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். எந்த நாளில் வெளியார் வரலாம், எதுவரை வரலாம் என்பது அவர்கள் சொல்வதுதான். கோயில் எல்லைக்குள் செருப்போடு கால் வைக்கக் கூடாது. அனுமதி இல்லாமல் கைப்பேசியைத் தூக்கக் கூடாது. நல்ல கம்பளி கொண்டுபோங்கள். ஒரு சுற்றைப் பார்த்ததும் கிளம்பிவிடாமல், பெண்கள் ஆடி முடிக்கும்வரை இருங்கள்.